கோத்தகிரித் தோட்டத்து வட்டச் சுவரும் நீளக் கொட்டகையும்: மாட்டுக்குக் கட்டியதுதானா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கோத்தகிரிக்குக் கீழே பழைய தோட்டம் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். மேல் சரிவில் இடுப்பு உயரத்துக்கு வட்டமாக ஒரு கற்சுவர் இருக்கிறது. அதற்குக் கீழே கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நீளமான ஒரு கட்டிடம். ஊரில் ஒருவர் அதை வெள்ளைக்காரன் மாட்டுக்கொட்டாய் என்கிறார். இன்னொருவர் தோடர் பட்டி என்கிறார். மூன்றாவது ஆள், வட்டச் சுவர் சமாதி, கை வைக்காதே என்று பயமுறுத்துகிறார். எது உண்மை, எந்தக் காலத்தது, நீளக் கட்டிடத்தை விருந்தினர் தங்கும் அறைகளாக மாற்றலாமா என்பது கேள்வி.

நான் கட்டிடக் கலை படித்தவன் இல்லை. கால்நடைத் துறையில் முப்பது வருஷம் இந்த நீலகிரி மலையில் ஊசிப் பெட்டியோடு நடந்தவன். மாட்டைப் பார்க்கப் போனால் கொட்டகையையும் பார்த்துத்தானே ஆக வேண்டும். சளி பிடித்த கன்றுக்கு மருந்து கொடுப்பதைவிட அது கட்டியிருக்கும் சுவரில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பல சமயம் பயன்பட்டிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொண்டால் இந்த மலையில் மாடு சம்பந்தப்பட்ட எந்தப் பழைய கட்டிடமும் புரிந்துவிடும். இங்கே முதலில் பாலுக்குத்தான் கூரை போட்டார்கள். அப்புறம் கன்றுக்கு. பெரிய மாட்டுக்குக் கூரை கிடைத்தது கடைசியில்தான், அதுவும் மேய்ச்சல் நிலம் சுருங்கி, வெளியூர் மாடு வந்த பிறகு. ஆகவே ஒரு பழைய கட்டிடத்துக்கு முன்னால் நிற்கும்போது "இந்தக் கூரை யாருக்கு?" என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

சமவெளியில் நமக்குத் தொழுவம், கொட்டில், கட்டுத்தரை, சாளை என்று கூரையுள்ள இடத்துக்கு எத்தனையோ பெயர் உண்டு. பட்டி என்பது மட்டும் திறந்தவெளி அடைப்பு. மலையில் செல்வாக்கோடு நின்ற சொல் இந்தப் பட்டிதான். கன்னடத்தில் பகரம் ஹகரமானபோது பட்டி ஹட்டி ஆனது. படுகர் ஊர்களின் பெயர்க் கடைசியில் நிற்பது அந்த ஹட்டிதான். 1819இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து முதலில் வீடு கட்டிக்கொண்ட டிம்பட்டி உங்கள் பக்கத்து ஊர். அதிகரட்டி குன்னூர்ப் பக்கம். மாடு அடைக்கும் இடத்துக்கும் மனிதர் குடியிருக்கும் ஊருக்கும் ஒரே பெயர். சுவர்தான் முதலில், கூரை பிறகு என்பதை இந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சரி, எருமை மேய்க்கும் இந்த மலைப் பழங்குடியினரான தோடர்களிடம் வருவோம். ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேல் கோடியிலேயே ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருக்கிறது, சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். அரைப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போல வளைந்த கூரை. பழைய அளவு என்று சொல்வது 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். வாசல் மட்டும் 3 அடிக்கு 3 அடி. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். இதைப் பார்த்துவிட்டு எருமைக்குக் கட்டியது என்று நினைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த வாசலில் எருமையின் கொம்பு கூட நுழையாது. ஒன்று அது வீடு, இல்லையென்றால் பால்மனை.

பால்மனை என்று நான் சொல்வது தோடர்களின் கோயிலை. அவர்களுக்குப் பால் கறந்து, கடைந்து, வெண்ணெய் எடுக்கும் இடமே கோயில். எருமைகளில் வீட்டு எருமை, கோயில் எருமை என்று பிரிவு உண்டு. கோயில் எருமையிலும் படிகள் உண்டு. படிக்கு ஏற்ப பால்மனையும் அதில் இருக்கும் ஆளின் கட்டுப்பாடுகளும் ஏறிக்கொண்டே போகும். 1906இல் வெளியான ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரின் புத்தகம் இந்த ஏற்பாட்டை இண்டு இடுக்கு விடாமல் எழுதி வைத்திருக்கிறது. உள்ளே இரண்டு அறை. வெளி அறையில் பால்காரர் படுப்பார், அடுப்பு இருக்கும். உள் அறையில் பால் பாத்திரங்கள். உயர்ந்த படியில் உள்ள பால்மனையில், எருமையிலிருந்து கறந்த பாலைத் தாங்கிய பாத்திரமும், வெளியே போகும் மோர், நெய்ப் பாத்திரமும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. நடுவில் ஒரு இடைப் பாத்திரம் வைத்து அதன் வழியாகத்தான் ஊற்றி மாற்ற வேண்டும். பால்மனைக்குத் தண்ணீர் எடுக்கும் இடம் தனி, வீட்டுக்கு எடுக்கும் இடம் தனி. பெண்கள் நடக்கும் பாதையும் தள்ளித்தான் போகும். இன்று பால் குளிரூட்டும் நிலையங்களில் சுத்தமான பகுதி, அழுக்குப் பகுதி என்று கோடு போட்டுப் பாடம் எடுக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு மந்துதான் ஞாபகம் வந்தது. காரணம் வேறாக இருக்கலாம், கட்டிடத்தின் தரைப்படம் ஒன்றுதான்.

அரைப் பீப்பாய் தவிர, கூம்பு வடிவத்தில் வானத்தைப் பார்த்து நிற்கும் பால்மனை மிகச் சிலதான் மிஞ்சியிருக்கின்றன. முத்தநாடு மந்தில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. டிசம்பர், ஜனவரியில் அங்கே கூடி விழா எடுப்பார்கள், இளைஞர்கள் கல் தூக்குவதைப் பத்திரிகையில் படம் போடுவார்கள். கூரையைத்தான் படத்தில் சரியாகக் காட்டுவதில்லை. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, அதன்மேல் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு வகைப் புல்லை அடுக்கடுக்காக வேய்வார்கள். தோடர்கள் அதை ஆவ்ஃபுல் என்பார்கள். இந்த மலையைத் தவிர வேறெங்கும் இயல்பாக வளராத புல். சதுப்பு வற்றி, சீகை மரமும் யூகலிப்டஸும் ஏறிய இடங்களில் இந்தப் புல் போய்விட்டது. புல் போன பிறகு தகரமும் காங்கிரீட்டும் வந்தன. பழைய முறையில் மறுபடி வேய்ந்த மந்துகளும் இருக்கின்றன. ஆனால் புல்லைத் தேடி அவர்கள் நடக்க வேண்டிய தூரம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிறது. உயரமான மந்துக்குப் போக முடியாதவர்கள் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் மாதிரிக் குடிசைகளைப் பார்க்கலாம்.

இவ்வளவு பாடுபட்டுப் பாலுக்குக் கூரை போட்டவர்கள் எருமைக்கு என்ன செய்தார்கள்? ஒரு வட்டச் சுவர் கட்டினார்கள், அவ்வளவுதான். தோடர் மொழியில் அந்தப் பட்டிக்குப் பெயர் தூ. சுண்ணாம்பும் இல்லை, மண் சாந்தும் இல்லை. கல்லின் மேல் கல், அதன் இடுக்கில் சின்னக் கல். ஒரே ஒரு வாசல். வாசலின் இரண்டு பக்கமும் நிற்கும் தூண்களுக்குக் குறுக்கே கட்டைகளைச் செருகி அடைப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தடுப்பூசி போட ஒரு மந்துக்குப் போய்ச் சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தேன். ஆள் போய் ஓட்டி வரவே இல்லை. மூடுபனிக்குள்ளிருந்து முதலில் மூச்சுச் சத்தம், அப்புறம் பிறை போல வளைந்த கொம்பு, வரிசையாகத் தானே வந்து நின்றன. வாசல் தூணில் எருமையின் தோள் உரசும் உயரத்தில் கல் எண்ணெய் தடவியது போல மின்னியது. பெரியவர் ஒருவர் கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். புது ஆளான என்னைப் பார்த்து எருமைகள் உள்ளே போக மறுத்து நின்றன. "தம்பி, நீங்க அந்தச் சோலைப் பக்கம் கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார். ஒதுங்கினேன். ஊசி மறுநாள் காலையில்தான்.

அந்தச் சுவருக்குள் உறைபனி விழும் தை மாத இரவில் எருமைகள் திறந்த வானத்தின் கீழ் படுத்திருந்தன. அதைக் கொடுமை என்று நினைக்க வேண்டாம். நன்றாகத் தின்ற பெரிய மாடு தன் வயிற்றுக்குள் அடுப்பு எரிப்பது போலத்தான். அசை போடப் போட உடம்பு சூடாகவே இருக்கும். தோடர் எருமைக்கு ரோமமும் அடர்த்தி. குளிர் மட்டும் பெரிய மாட்டை ஒன்றும் செய்யாது. ஈரமும் குளிர்காற்றும் சேர்ந்தால்தான் தொல்லை. ஆகவே பட்டியை உச்சியில் கட்ட மாட்டார்கள். சோலையின் ஓரமாக, காற்று அடங்கும் சரிவில், ஓடைக்குக் கிட்டே இருக்கும். கன்றுக்கு அந்தச் சூடு கிடையாது. அதனால் கன்றுக்கு மட்டும் தனியாகச் சின்னக் குடில் கட்டினார்கள். அந்தக் குடில் தாய் எருமைகளைக் காலையில் கறக்கும்வரை கன்றைப் பாலிலிருந்து தள்ளி வைப்பதற்கும் உதவியது. ஒரே சுவரில் புலியிடமிருந்து காவல், கறவைக்கு ஏற்பாடு இரண்டையும் முடித்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் வட்டச் சுவர். சமாதி என்று சொன்னவரை அலட்சியம் செய்யாதீர்கள், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நீலகிரியின் பல மேடுகளில் கல்வட்டங்கள் இருக்கின்றன. பழைய ஈமச் சின்னங்கள். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டிப் பார்த்து எழுதியது 1873இல், அவர் இறந்த பிறகு, புத்தகமாக வந்தது. அந்த வட்டங்களிலிருந்து கிடைத்த மண்பானைகளின் மூடிமேல் எருமை, மான், மனிதர் என்று சின்னச் சின்ன உருவங்கள் செய்து வைத்திருக்கிறார்கள். எருமைதான் அவற்றில் எனக்குப் பிடித்தது, கொம்பை அவ்வளவு பெருமையாக வளைத்திருப்பார்கள். ஆக, எருமை சம்பந்தம் சமாதிக்கும் உண்டு, பட்டிக்கும் உண்டு. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இடத்தைப் பாருங்கள். ஈமவட்டம் பெரும்பாலும் நாலு பக்கமும் பார்வை விழும் உச்சியிலும் முகட்டிலும் இருக்கும். அங்கே ஒரு ராத்திரி மாட்டைக் கட்டினால் காற்றே அதைத் தின்றுவிடும். வாசலைப் பாருங்கள். பட்டிக்கு வாசல் இல்லாமல் முடியாது, அதன் இரு பக்கமும் கட்டை செருகிய தடம் இருக்கும், அல்லது தூண் நின்ற குழி இருக்கும். ஈமவட்டத்தில் வாசலுக்கு வேலை இல்லை, நடுவில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாகவோ, கொட்டியது சரிந்து பள்ளமாகவோ இருக்கும். அப்புறம் செடியைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணில் காஞ்சொறி ஆள் உயரத்துக்கு நிற்கும். சுற்றிலும் புல் வெளிறிப் போயிருக்கும்போது அந்த வட்டத்துக்குள் மட்டும் கரும்பச்சை. நீங்கள் எழுதியதில் "உள்ளே நுழைய முடியாதபடி அரிக்கிற செடி" என்று ஒரு வரி இருந்தது. கீழ்ப் பக்கம் சுவர் மூன்றடி அகலத்துக்கு விட்டுப் போயிருக்கிறது என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பட்டிதான் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் தோண்ட வேண்டாம். பானை ஓடு ஏதாவது கண்ணில் பட்டால் அப்படியே விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். புதையல் பற்றிய 1878ஆம் வருஷச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

தோடர் பட்டியா, படுகர் பட்டியா என்பதைச் சுவரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. படுகர்களும் எருமை மந்தை வைத்திருந்தவர்கள்தான். உப்பு நீரை மாடுகளுக்குக் கொடுக்கும் உப்பு ஹப்பா இன்றும் பல ஹட்டிகளில் நடக்கிறது. பழைய படுகர் வீட்டின் உள்ளமைப்பைப் பார்த்தால் நான் முதலில் சொன்ன கணக்கு அங்கேயும் நிற்கிறது. வீடுகள் ஒரே வரிசையாக, நடுச்சுவர் பொதுவாக, முன்னால் நீளமான களத்தோடு இருக்கும். உள்ளே வெளி அறை, உள் அறை. உள் அறையை ஒட்டி ஹாகோட்டு என்று ஒரு சின்ன அறை. பால், தயிர், நெய் வைக்கும் இடம். அது வீட்டின் பூஜை அறை மாதிரி, எல்லாரும் நுழைய முடியாது, பெண்களுக்கு அங்கே வேலை இல்லை. மாடு வெளியே பட்டியில், பால் வீட்டின் கர்ப்பகிருகத்தில். இன்று அந்த அறைகளில் பீரோவும் ஃபிரிட்ஜும் நிற்கின்றன. பால் பாக்கெட் அந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது என்பதால் ஒரு கணக்கில் பழக்கம் மாறவில்லை.

கோத்தகிரியில் படுகர் ஊர்கள் அடர்த்தி என்பதாலும், கீழே சில நூறு அடியில் ஹட்டி இருக்கிறது என்று நீங்கள் எழுதியதாலும், உங்கள் வட்டம் படுகர் பட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பேன். ஊரில் வயதான ஒருவரை அழைத்துவந்து காட்டுங்கள். யார் குடும்பத்துப் பட்டி என்பது வரை சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்து நீளக் கட்டிடம். இங்கேதான் எல்லாரும் ஏமாறுவது. இந்த மலையில் பழைய நீளக் கட்டிடம் எல்லாம் மாட்டுக்கொட்டகை இல்லை. நடுவட்டம் பக்கம் 1860களில் காய்ச்சல் மருந்துக்காகச் சின்கோனா மரம் நட்டு, பட்டை உரித்துக் காயவைக்கக் கட்டிய கிடங்குகள் இருந்தன. தேயிலை வந்த பிறகு இலைக் கிடங்கு, ஆள் குடியிருக்கும் லயன். அப்புறம் குதிரை லாயம். பங்களா வைத்திருந்த துரைக்கு மாட்டைவிடக் குதிரை முக்கியம். ரோடு போடாத காலத்தில் அதுதானே ஜீப். ஆகவே பங்களாவுக்குக் கிட்டே அழகாக வெட்டுக்கல் வைத்துக் கட்டியிருந்தால் முதலில் லாயம் என்று சந்தேகப்படுங்கள். கொட்டகை கொஞ்சம் தள்ளி, பங்களாவுக்கு வாடை வராத பக்கம் இருக்கும்.

லாயத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் வித்தியாசம் உயரத்தில். குதிரை நிமிர்ந்து தின்னும், அதன் தீனித்தொட்டி நம் மார்பு அளவுக்கு இருக்கும், சுவரில் இரும்பு வளையம் இருக்கும், ஒவ்வொரு குதிரைக்கும் தோள் உயரத்தில் தடுப்பு உண்டு. மாடு குனிந்து தின்னும், அதன் தீனித்தொட்டியான காடி முழங்கால் அளவைத் தாண்டாது. நீங்கள் அனுப்பிய அளவில் மேல் சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல்லாலேயே நீளமாகத் தொட்டி ஓடுகிறது. அது காடிதான், மாட்டுக்குத்தான். காடியின் முன் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். மாட்டின் கழுத்து தேய்ந்து தேய்ந்து விளிம்பு அலை அலையாக, சோப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும். எத்தனை அலை இருக்கிறதோ அத்தனை மாடு. இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, இருட்டுக் கொட்டகையில் டார்ச் இல்லாமல் தடவிக்கொண்டு நடந்ததில் தெரிந்தது.

காடியிலிருந்து பின்பக்கச் சாக்கடை வரை மாடு நிற்கும் தளம் எத்தனை அடி என்று அளந்தீர்களா? நாட்டு மாட்டுக்கு நாலரை அடி போதும். ஜெர்சி கலப்புக்கு ஐந்தடிக்குக் குறையாமல் வேண்டும். பெரிய கறுப்பு வெள்ளை மாட்டுக்கு அதுவும் போதாது. தளம் சின்னதாக இருந்தால் சின்ன மாட்டை நினைத்துக் கட்டியது. தளம் காடியிலிருந்து சாக்கடைக்குச் சாய்ந்திருக்கும், நாற்பது அடிக்கு ஓரடி கணக்கில். கண்ணுக்குத் தெரியாது, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் தெரியும். அந்தச் சாக்கடை ஒரு கோடியில் சுவரைத் துளைத்து வெளியே போகும். அதற்கு நேர் கீழே குப்பைக்குழி, குழிக்குக் கீழே காய்கறிப் பாத்தி. சாணத்தை ஆள் சுமக்க வேண்டாம், மலையே இறக்கிக்கொடுக்கும். மலைக் கட்டிடத்தில் சரிவு ஒரு வேலையாள். மசினகுடிப் பக்கம் சாணத்தைக் காப்பித் தோட்டங்களுக்கு விற்பதே ஒரு வியாபாரமாக இருந்தது, பாலை இரண்டாம் பட்சமாக நினைத்தவர்களும் உண்டு. அந்த வியாபாரத்துக்கான பட்டிகளுக்குக் கூரையே கிடையாது.

பரண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பாவில் குளிர் நாட்டுக் கொட்டகை என்றால் கீழே மாடு, மேலே வைக்கோல் பரண். ஆறு மாதம் பனியில் மாட்டை உள்ளேயே வைத்துத் தீனி போட வேண்டும் அவர்களுக்கு. இங்கிலாந்தின் டார்ட்மூர் பக்கத்தில் ஒரே கூரைக்குக் கீழே மேல் பாதியில் குடும்பம், கீழ் பாதியில் மாடு, நடுவில் ஒரு நடைவழி என்று நீள வீடுகள் உண்டு. சாக்கடை கீழ் கோடியில் சுவர் வழியாக வெளியேறும். நம்முடையதைப் போலவே சரிவைப் பயன்படுத்தியவர்கள். அந்த ஊர் ஞாபகத்தில் இங்கே வந்த துரைமார் பரண் கட்டியிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் நீலகிரியில் பனி கரித்துப் புல் காய்வது இரண்டு மாதம்தான், அந்தப் பரணுக்கு அவ்வளவாக வேலை இருந்திருக்காது. உருளைக்கிழங்கு விதை வைக்கப் பயன்பட்டிருக்கும்.

காலம் எது? ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல் தொடங்கியது, ஆகவே மங்களூர் ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஓட்டின் அடியில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் 1899இல் வந்தது, ஊட்டிக்கு 1908இல். ரயில் வந்த பிறகுதான் இவ்வளவு கனமான சரக்கு மலைக்குத் தாராளமாக ஏறியது. அதற்கு முன் புல் வேய்ந்த கூரை, அப்புறம் தகரம், அப்புறம் ஓடு என்று ஒரே சுவர் மூன்று கூரையைப் பார்த்திருக்கும். அதனால் ஓட்டை வைத்துச் சுவருக்கு வயது சொல்லாதீர்கள். சுவரின் தலைப்பில் ஓட்டுக்குப் பொருந்தாத பழைய குழிகள் இருந்தால் சுவர் கூரையைவிட மூத்தது. சாந்து மண்ணா, சுண்ணாம்பா, சிமெண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மண் சாந்தில் கட்டி வெளியே மட்டும் சுண்ணாம்பு பூசியிருந்தால் பழையது என்று ஓரளவு நம்பலாம்.

இப்படிப் பார்த்தால் உங்கள் கட்டிடம் துரை வீட்டுப் பாலுக்காக, வெளிநாட்டு மாட்டை அல்லது அதன் கலப்பை வைத்துக்கொள்ளக் கட்டியது என்று நினைக்கிறேன். பெரிய மாட்டுக்குக் கூரை என்ற யோசனையே அந்த மாடுகளோடு வந்ததுதான். 1830 வாக்கில் கேத்தியில் அரசாங்கமே ஒரு சோதனைப் பண்ணை போட்டுப் பார்த்துச் சில வருஷத்திலேயே கைவிட்டது. வெலிங்டனில் பட்டாளம் வந்த பிறகு பாலுக்கும் வெண்ணெய்க்கும் கிராக்கி கூடியது. புல்வெளி மரக்காடாக மாறிய பிறகு வீட்டுக்காரர்களும் மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி கொடுக்கத் தொடங்கினார்கள், அப்போது எல்லா ஊரிலும் கொட்டகை முளைத்தது.

காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மாற்றிக் கட்டுபவர்கள் முதலில் அடைப்பது இதைத்தான். கல் சுவரில் வெளியே நாலு விரல் அகலமும் உள்ளே ஓரடி அகலமுமாக விரியும் நெட்டைத் துளைகள் இருக்கும். காற்று உள்ளே வரும்போது வேகம் குறையும், சிறுத்தை தலையை விட முடியாது. கோத்தகிரிக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே அந்தப் பக்கச் சுவரில் துளை குறைவாக இருக்கும். கூடலூர், நடுவட்டம் பக்கம் இதற்கு நேர் எதிர், ஆனி ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். எந்தச் சுவர் குருடாக இருக்கிறது என்று பார்த்தே அந்த ஊர் மழையைச் சொல்லிவிடலாம்.

இதில் நான் ஒரு பாடம் படித்திருக்கிறேன். எங்கள் அம்மா குன்னூரில் ஒரு ஜெர்சி கலப்பு வைத்திருந்தார். ஒரு மார்கழியில் குளிர் தாங்காது என்று நானே பழைய சாக்கை உருட்டி அந்தத் துளைகளை எல்லாம் அடைத்தேன். துறையில் வேலை பார்க்கிறவன், அம்மாவுக்குப் பெருமை. பத்தாம் நாள் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் மூத்திர வாடை கண்ணைக் கரித்தது, ஓட்டின் அடியிலிருந்து வேர்த்து வேர்த்துச் சொட்டியது. கன்றுக்கு நெஞ்சுச் சளி. ஊசி போட்டும் பிழைக்கவில்லை. "உனக்குக் குளிரினா அதுக்கும் குளிருமாடா" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. சாக்கை உருவி எறிந்தேன்.

சரி, தங்கும் அறையாக மாற்றலாமா? மாற்றலாம். இடிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் உங்கள் கொத்தனார் முதல் நாளே சிமெண்ட் பூச்சு என்று சொல்வார், அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவரின் கீழ் மூன்று அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அது பல தலைமுறை மூத்திரத்தின் வெடியுப்பு. மாடு நக்கி நக்கிச் சில கல்லில் குழியே விழுந்திருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே பூத்து, இரண்டு மழைக்குள் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, உலர்ந்த தூரிகையால் உப்பைக் கூட்டி அள்ளி, களிமண் பற்றுப் போட்டுக் காயவிட்டு உரித்து, மறுபடி போட்டு, உப்பு வருவது குறைந்த பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். ஒரு கோடை முழுக்க ஆகும். அவசரப்பட்டால் விருந்தினருக்கு மழைக்கால இரவில் மாட்டு வாடை இலவசம்.

மலைப் பகுதியில் கட்டிடத்தை மாற்றுவதற்குச் சமவெளியைப் போல ஊராட்சிக் கையெழுத்து மட்டும் போதாது, தனி அனுமதி முறை இருக்கிறது. உயரம், சரிவு, மண் வெட்டுவது எல்லாம் பார்ப்பார்கள். வேலை தொடங்கும் முன் வாங்கிவிடுங்கள், பழைய சுவரை அப்படியே வைத்திருப்பதாக வரைபடத்தில் காட்டினால் பேச்சு சுலபமாகும்.

தளக்கற்களைக் கழற்ற வேண்டி வந்தால் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பில் எண் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வை மட்டமாக்கக் கொத்தனார் துடிப்பார், கட்டில் கால் ஒன்றுக்குக் கீழே கட்டை வைத்தால் போதும் என்று சொல்லுங்கள். காடியை உடைக்காமல் விட்டால் உட்காரும் திண்ணையாகிவிடும். கீழ் கோடியில் இருக்கும் சாக்கடைத் துளையை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். சரிவின் ஊற்று தரைக்கு அடியில் வரும் காலத்தில் அது வெளியேற இருக்கும் ஒரே வழி அதுதான். பாம்பு வரும் என்று வீட்டில் பயந்தால் ஒரு கம்பி வலை போட்டுக்கொள்ளலாம்.